பதிவேட்டின் முதல் பெயர்

செல்லாயிக்கு இரண்டு பெயர்கள். ரேஷன் அட்டையில் செல்லாயி. கோயில் பதிவேட்டில் தெரசம்மாள். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் காலனியில் எல்லோருக்கும் அப்படித்தான். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் ஆதிதிராவிடர் சான்றிதழ் செல்லாது. அதனால் இரண்டு பெயரையும் ஒரே தாளில் யாரும் எழுதுவதில்லை.

நான் எழுதினேன்.

ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஊர் திரும்பிய எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் கோயில் பங்கின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதச் சொன்னார் பங்குத்தந்தை. ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தேன். ஆள் யாரென்று தெரியட்டும் என்று வீட்டுப் பெயரையும் பக்கத்தில் சேர்த்தேன்.

சனிக்கிழமை கோயில் கூட்ட வந்த செல்லாயி, நான் எழுதிக்கொண்டிருந்த கோயில் அறையை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கணவர் இறந்தபின் விசைத்தறியில் நின்றே மகளைப் படிக்கவைத்தவர்.

"எந்த வருசம் வரைக்கும் எழுதற கண்ணு?"

"இந்த வருசம் வரைக்குங்கக்கா. உங்க மதுமதி பேரும் வருது."

விளக்குமாறு நின்றது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அவளுக்குக் கவர்மெண்டு வேலை வந்திருக்குது. அடுத்த மாசம் சர்டிபிகேட் சரிபாக்கறாங்க. எவனாச்சும் இந்தப் பொஸ்தகத்தக் கொண்டுபோய்க் குடுத்தா?"

"அவ பேர எடுத்தர்றனுங்க."

"அவ பேர மட்டும் எடுத்தா ஆச்சா? அப்பன் பேரு, பாட்டன் பேரு நிக்குதே. அதப் புடிச்சு ஊட்டுக்கே வந்துருவாங்க."

பட்டியலையே நீக்கிவிடலாம். ஆனால் பதிவேட்டின் முதல் வரி அவர் கணவரின் பாட்டன் பச்சமுத்து. அந்தோணி என்று பெயர் பெற்றவர். இந்தப் பங்கின் முதல் பூசை அவர் குடிசையில்தான் நடந்தது.

"அவரு இல்லாம வரலாறு எங்கிருந்துங்கக்கா ஆரம்பிக்கறது?"

"செத்தவருக்கு வேலை போகாது கண்ணு. எம்புள்ளைக்குப் போயிரும்."

பட்டியலோடு அவர் பெயரையும் எடுத்துவிட்டேன். 'முதலில் ஞானஸ்நானம் பெற்றவரின் பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன்.

திருவிழாப் பூசை முடிந்ததும் வரலாற்றை மைக்கில் வாசித்தேன். அந்த வரி வந்ததுமே முன்வரிசையில் இருந்த கந்தவேல் மாமா எழுந்துவிட்டார்.

"பேரு தெரியலயா? நல்லாப் படிச்ச போ! ஊரூரா சுத்தினா உள்ளூரு மறந்துருமா? நம்ம செல்லாயி ஊட்டுப் பச்சமுத்து! மதுமதிக்குக் கொள்ளுத்தாத்தா! மொதத் தண்ணி அவருக்குத்தான ஊத்துனாங்க!"

கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக நடுப்பாதையைப் பார்த்தார்கள். அங்கே ஸ்டாண்டில் கைபேசி நின்றது. பூசை யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கியது.

வாசலோரம் நின்ற செல்லாயி அந்தக் கைபேசிக்கு முன்னால் வந்தார்.

"அவரு எங்கூட்டு ஆளில்லீங்க."

"ஏம்புள்ள, உம்புருசனோட பாட்டன..." என்று தொடங்கிய மாமாவை, அவர் மனைவி சாரதாமணி வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எனக்கு அவரத் தெரியாதுங்க" என்றார் செல்லாயி மறுபடியும்.

அன்று மாலையே பங்குத்தந்தை அந்த வீடியோவை நீக்கினார். அதற்குள் முந்நூற்றுப் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள்.

சரிபார்ப்புக்கு இன்னும் மூன்று நாள். தறி விட்டு வரும் வழியில் செல்லாயி தினமும் என் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே வருவதில்லை.

"அந்த முந்நூறு பேருல யாரு யாருன்னு பாக்க முடியாதா கண்ணு?"