ஒரு கிண்ணம் மீன்கறியும் இரண்டு ஊசியும்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்தில் ஒரு நாள், உயிலங்குளத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. தேங்காயைக்கூட மூன்று தரம் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அன்று காலை விடத்தல்தீவுக்குத் தங்கை வீட்டுக்குப் போய், ஒரு பெரிய சூரை மீனோடு ஸ்கூட்டியில் திரும்பினேன். வழியில் கிராம அலுவலர் கந்தோரில் ஒரு கையெழுத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. மீன் பை வெளியே வெயிலில் தொங்கியது. வீட்டுக்கு வந்து பாதியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, அண்மையில்தான் ஊர் திரும்பியவள். அதற்கு முந்தின வாரம் அவளுடைய ஆடு என் கத்தரிக் கன்றுகளைத் தின்றதில் எங்களுக்குள் பெரிய வாய்த்தர்க்கம். மீன் சமாதானத்துக்கு. தந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று, மதியமே அதில் கறியோடு வந்துவிட்டாள்.

முதலில் கணவர் சாப்பிட்டார். "மிளகு கூடிப்போச்சு, நாக்கு எரியுது" என்றார். கறியில் ஒரு மிளகும் இல்லை. அரை மணி நேரத்தில் அவர் முகமும் கழுத்தும் பழுத்த மிளகாய் போலச் சிவந்தன. தலையிடிக்கிறது என்று எழும்பியவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆட்டுச் சண்டையை மனதில் வைத்து எதையோ கலந்துவிட்டாள் என்று நான் அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். மிச்சக் கறியைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பக்கத்து வீட்டுக்காரி நஞ்சு வச்சிட்டாள்" என்று அங்கே கத்திக்கொண்டே நின்றேன். அவருக்கு இரத்த அழுத்தம் மோசமாக இறங்கியிருந்தது. டாக்டர் இரண்டு ஊசி போடச் சொன்னார். இரண்டாவது ஊசியின் பெயர், என் மாமியார் நெஞ்செரிவுக்கு விழுங்கும் குளிசையின் பெயரேதான். அவ்வளவுதான், டாக்டர் மீதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "முகம் சிவந்ததுக்கு ஏன் வயித்து மருந்து?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "சூரை மீன் சூட்டில கிடந்தா ஹிஸ்டமின் எண்டு ஒண்டு அதில சேரும் அம்மா. ரத்தக் குழாயில அதுக்கு ரெண்டு விதமான பூட்டு இருக்கு. ஒண்டைத் திறந்தா குழாய் உடன விரியும். மற்றதைத் திறந்தா மெதுவா விரிஞ்சு கனநேரம் நிக்கும். அதாலதான் இந்தச் சிவப்பும் மயக்கமும். வயித்தில அமிலம் சுரக்கிறதும் ரெண்டாவது பூட்டாலதான். ரெண்டையும் அடைக்கோணும்." குளிரில் வைத்தாலும் சமைத்தாலும் அது போகாதாம். பிறகு கேட்டார்: "மீன் ஆர் வாங்கினது?"

அடுத்த கட்டிலைப் பார்த்தேன். அதே சிவந்த முகத்தோடு பக்கத்து வீட்டுக்காரி படுத்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறாள். நான் கத்தியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"நான்தான் கொண்டுவந்தனான்" என்றேன்.

பின்னேரம் கணவர் தெளிந்து பேசியதும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கழுவும்போதே மீன் சூடா இருந்துச்சுக்கா. சண்டைக்கப்புறம் ஆசையா கொடுத்தீங்க, தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

என்னை நம்பி அவள் சமைத்த மீனை வைத்தே அவளை நஞ்சு வைத்தவள் ஆக்கினேனே என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு முகம் சிவந்துவிடுகிறது. அதற்கு எந்த டாக்டரிடமும் ஊசி இல்லை.