உப்பில்லாத ரசமும் குய்சோ மாகாணமும்

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலிக்கு மேலே ஸ்டெல்லாவின் தலை தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, சீனாவுல குய்சோன்னு ஒரு மாகாணமாமே. அங்க என்னதானுங்க திம்பாங்க?"

ஸ்டெல்லா என் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் மலையூரின் தேயிலை எஸ்டேட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மாடியில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கென்று திறந்திருக்கிறார். முதல் விருந்தாளி அன்று மதியம் வருகிறார் — குய்சோவிலிருந்து லின் என்ற பெண். தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர்.

கணவர் ஜோசப்புக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "மொத கெஸ்ட்டே மூஞ்சிய சுளிச்சா, திங்கக்கெழம மறுபடி ஆபீசுக்குப் போயிடோணும்" என்று பந்தயம் கட்டியிருந்தார். ரோஷத்தில் ஸ்டெல்லாவும் சரி என்றுவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? அரை மணி நேரம் படித்துவிட்டு வேலியோரம் வந்து கொட்டினேன். மலைக்குப் பின்னால் மலை. மலைக்குள்ளே குகை. பள்ளத்தாக்கைத் தாவும் பாலங்கள். படிக்கட்டு வயல்கள், தேயிலை... பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி. எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் கிடையாது.

"இதத்தான் நான் தெனமும் சன்னல்ல பாக்குறனேங்க."

என் பூகோளப் பாடம் அங்கே முடிந்தது.

மதியம் துணைக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம். ரசத்தை ஒரு வாய் குடித்தேன். உப்பு... துளிகூட இல்லை. பதற்றத்தில் மறந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்து, தானும் ஒரு ஸ்பூன் குடித்த ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டார்.

"திங்கக்கெழம பஸ்சு எட்டரைக்கு" என்றார் ஜோசப்.

லின்? கிண்ணத்தை நீட்டினார். இரண்டாவது. மூன்றாவது. பிறகு கைப்பேசியிடம் ஏதோ சொல்ல, அது மேடைத் தமிழில் முழங்கியது:

"எங்கள் மாகாணத்திற்குக் கடல் இல்லை. ஒரு காலத்தில் உப்பு வெகு தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வராத நாட்களில் புளிப்பும் மிளகாயுமே எங்கள் உப்பு. இது எங்கள் வீட்டுச் சுவை. உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

ஸ்டெல்லா கண்ணிமைக்காமல் என்னைக் காட்டினார். "அண்ணாதானுங்க. படிச்சுட்டு வந்து வெவரமா சொன்னாரு."

நானும் மறுக்கவில்லை.

ஜோசப் சத்தமில்லாமல் உப்பு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஓர் ஊரில் என்னென்ன இருக்கிறது என்றுதான் நாம் தேடித் தேடிப் படிக்கிறோம். ஆனால் அதன் ருசியை முடிவு செய்வது அங்கே இல்லாத பொருள்தானோ?

புதன்கிழமை காலை. வேலிக்கு மேலே மறுபடியும் அதே தலை.

"அண்ணா, இன்னிக்கும் அதே ரசந்தான் வேணுமாமுங்க. நேத்து தானா மறந்துச்சு. இன்னிக்கு நெனப்பு வெச்சு மறக்கோணுமே..."