மேற்குச் சுவர் எத்தனை இன்ச்?

வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பவளிடம் பூஜையறை எங்கே, படிக்கட்டு எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். வெளிச்சுவர் எவ்வளவு தடிமன் என்று கேட்க ஆள் கிடையாது. நாமக்கல் வெயிலில் குடித்தனம் நடத்தும் உங்களுக்கு இந்த வேதனை புரியும்.

சோபா

லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், வீடு கட்டும் முன்பே சோபா வாங்கிவிட்டார். ஹாலில் அது அடங்குவதற்காக மேற்குச் சுவரை நாலரை இன்ச்சில் கட்டச் சொன்னார். அவர் அப்போது குடியிருந்த வாடகை வீட்டிலும் அதே நாலரை இன்ச்தான். வெயில் சாயும் நேரத்தில் அங்கே போய், “மேக்கால செவுத்துல கைய வெச்சுப் பாருங்கண்ணா” என்றேன். வைத்தவர் வெடுக்கென்று எடுத்து உதறினார். “ஒம்பது இன்ச்சே கட்டிப்போடுங்க அம்மணி, சோபாவ நான் பட்டறையில வெச்சு அறுத்துக்கறேன்.”

ஏசி இருக்குதுங்களே

கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கு ஏசிமேல் அபார நம்பிக்கை; சுவர் நாலரை இன்ச்சே போதும் என்றார். சுவர் தடியாக இருந்தால் ஏசியே அதிகம் ஓடாது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பேச்சுக்கு நடுவே பண்ணையிலிருந்து போன். கொட்டகைமேல் உடனே தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு வைத்தார். டீ கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரை நீட்டாமல் நின்றார். “கோழி வெயிலு தாங்காதுன்னு தண்ணி உடறீங்க, அடுப்படியில நிக்கறவளுக்கு நாலரை இன்ச்சு போதுமுங்களா?”

தட்டிப் பார்த்தவர்

ஆத்தூரில் அரிசி ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பக்கவாதத்தில் படுத்திருந்த மனைவிக்காகவே புது வீடு கட்டினார். பழைய வீட்டில் பகல் முழுக்க அந்தம்மா வியர்வையில் நனைந்து, கண் மூடாமல் கிடப்பார். இவர் விசிறிக்கொண்டே இருப்பார்.

புது வீட்டில் அந்தம்மாவின் கட்டில் மேற்கு அறைக்குத்தான் வர வேண்டியிருந்தது. அதனால் செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து, நடுவே இடைவெளி விட்டு இரட்டைச் சுவராகக் கட்டினோம். பெரியவர் தட்டிப் பார்த்தார். ‘டொக்’கென்றது. “உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா, ஏமாத்துறியா?” என்று முகம் சிவந்தார். பிரிக்கச் சொன்னார். “உள்ள இருக்கற காத்துதாங்க ஐயா சூட்டைத் தடுக்கும். மேலே தளம் போடற வரைக்கும் பொறுங்க” என்று கெஞ்சினேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

தளம் போட்டதும் ஒரு மதியம் அந்த அறையில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவர், கொத்தனாரிடம் பூச்சு வேலையை ஆரம்பிக்கச் சொன்னார்.

குடிபோன பிறகு, சுட்டெரிக்கும் ஒரு மதியம் அந்தப் பக்கம் போனேன். கேட்டைத் தட்டி “ஐயா!” என்று கூப்பிட்டதும், செருப்புகூடப் போடாமல் கொதிக்கிற தரையில் ஓடிவந்தார். “சத்தம் போடாதம்மா, அவ தூங்குறா.”

நல்ல சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால், வீடு சுடுகிறது என்று எனக்கு ஒரு போனும் வராத கோடைதான் தொழில் நன்றாக நடக்கும் கோடை.