கேட்டுக்கு எதிரே போட்ட கடை

கம்பெனி கேட்டுக்கு எதிரே நாஷ்டா கடை போடுகிறவன் இட்லி மட்டும் விற்க முடியாது, தின்ன வருகிறவனுடைய கம்பெனிக் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அதில் கஷ்டம் இல்லை. என்னிடம் சொந்தக் கோபமே அண்டா நிறைய இருந்தது.

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு, காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. அவசரப்பட்டுவிட்டான் என்பார்கள். எத்தனை வருஷம் பொறுத்துவிட்டு அவசரப்பட்டோம் என்று நமக்குத்தான் தெரியும்.

நிழலில் நிற்கிற வேலை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவன், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் ஓட்டினேன். கூரைக்குக் கீழே ஒரு கூண்டு, அதற்குள் நான். எனக்குக் கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு. ஏணியில் ஏறினால் ஷிப்ட் முடிந்துதான் இறக்கம். கீழே வேலை செய்த ஒருவனுக்கும் என் கையால் ஒரு கீறல் விழுந்ததில்லை.

புதிதாக வந்த மேனேஜர் தரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுகிற கிரேனைக் கொண்டுவந்தார். அது பரவாயில்லை. மெஷின் என்றால் மாறத்தான் செய்யும். எனக்கும் ரிமோட்டைக் கற்றுக்கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். உனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் கேட்டில் நில், கார் வந்தால் திறந்துவிட்டு சலாம் வை என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் யோசித்திருப்பேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஓடிவந்த ஆபீஸ் ஆள் ஒருவர், என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நெழல்லதானே பெரியவரே நிக்கப்போற, வெயில்லயா நிக்க சொன்னாரு?"

இடம் பார்த்தது

படிப்பு ஐந்தாவதோடு சரி. வேறு கம்பெனியில் கேட்டால் வயதைத்தான் முதலில் கேட்டார்கள். கொஞ்ச நாள் எளாவூர் செக்போஸ்டில் லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போகாதவனுக்கு லாரி பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

என் மனைவி கோவிந்தம்மா இட்லி வார்த்தால் ஊரே பேர் சொல்லும். தள்ளுவண்டி போடலாம் என்றது அவள்தான். ஆலைக்கு முன்னால் ரோடு திரும்புகிற வளைவில் கம்பெனி பஸ்கள் நிற்கும், அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரமும் உண்டு, அங்கே போடலாம் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டுக்கு நேர் எதிரே போட்டேன். அந்த மனுஷன் வெள்ளைக் காரில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் என்னைப் பார்க்க வேண்டும். சலாம் வைக்காமல் நான் என் சொந்தக் கடையில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். பார்த்து ஒரு நாளாவது அவருக்கு உறுத்த வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது கோவிந்தம்மா சொன்னாள்: "பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கடை நிக்கலன்னா, நீயே போயி அந்த கேட்ல நின்னுக்கினு சலாம் வை."

செகண்ட் ஷிப்ட் இட்லி

ஷிப்டில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். வாரம் மாறினால் தூக்கம் மாறும், பசி மாறும், வயிறுகூடக் காலண்டர் பார்த்துத்தான் வேலை செய்யும். நான் வேலையை விட்டதை என் உடம்பிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் வாரம் விடியற்காலையில் கடை திறந்தேன். இரண்டாவது வாரம் மதியம் இரண்டு மணிக்கு, ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்குச் சரியாக, சுடச்சுட இட்லி இறக்கினேன். கோவிந்தம்மா அன்று மகளைப் பார்க்க ஆரணிக்குப் போயிருந்தாள், தடுக்க ஆளில்லை.

அந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். அதாவது, வேலையில் இருந்திருந்தால். உச்சி வெயிலில் ஆவி பறக்கிற இட்லியோடு நான் நிற்கிறேன், எதிரே ஷிப்டுக்குப் போகிறவர்கள் சோறு தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போகிறார்கள். கோபம் கோபமாக வந்தது. வேலையை விட்ட பிறகும் அந்தக் கம்பெனி என் தூக்கத்தையும் பசியையும் உருட்டிக்கொண்டிருக்கிறதே என்று. பொன்னேரியிலிருந்து மீன் வண்டியோடு வந்த ஒரு பாய் மட்டும் நின்று, இட்லியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைக் கேட்டார்: "இன்னா பெரியவரே, இது இன்னிக்கி நாஷ்டாவா, நாளைக்கி நாஷ்டாவா?"

கை பேசியது

ஆலைக்குள் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கீழே நிற்கிற சிக்னல்காரன் கையைக் காட்டுவான், மேலே இருக்கிறவன் அதைப் பார்த்து ஓட்டுவான். விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. முஷ்டி மூடுகிறவரை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் சிக்னல்காரன் தயாளன் கடைக்கு வந்தாலும் அப்படித்தான். வாயே திறக்க மாட்டான். விரலைச் சுற்றுவான், சாம்பார் ஊற்றுவேன். முஷ்டியை மூடுவான், நிறுத்துவேன். எங்களுக்குள் ஒரு நாளும் சாம்பார் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

ஒரு நாள் தடாவுக்குப் போகிற லாரி டிரைவர் ஒருவர் வந்தார். தட்டை இடது கையில் நீட்டிக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, விரலைக் கீழே காட்டிச் சுற்றினார். ஊற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தார். நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சாம்பார் தட்டில் வழிந்து, அவர் செருப்பில் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கையைக் காட்டியது அவர், குற்றம் என்மேல். இருபது பேர் இருக்கிற இடத்தில் கேட்டிருந்தால்கூடச் சும்மா விட்டிருப்பேன், என் மனைவி எதிரில் கேட்டார்: "நைனா, கெணத்துல மோட்டாரு எப்டி சுத்துதுன்னு பொண்டாட்டிக்கு போன்ல சொல்லிக்கினு இருக்கேன், நீ இன்னாத்துக்கு இட்லிய முழுக அடிக்கிற?"

ஒளிந்து தின்றவன்

ஆனாலும் வியாபாரம் ஏறவில்லை. தின்றவர்கள் ருசியைக் குறை சொல்லவில்லை, ஆனால் மறுநாள் வருவதில்லை. ஒடிசாவிலிருந்து வந்து ஆலையில் வேலை செய்கிற ஒரு ஆள் மட்டும் தினமும் வருவான். வாங்கிக்கொண்டு போய், ஓரமாக நிற்கிற லாரிக்குப் பின்னால் குந்திக்கொண்டு தின்பான். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதும் கேட் பக்கம் பார்த்துக்கொண்டே ஓடிவருவான்.

என் கடையில் தின்பது அவ்வளவு கேவலமா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் லாரிக்குப் பின்னாலேயே போய் நின்று கேட்டேன். அவன் பயந்துவிட்டான். பிறகு கேட்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். பெரிய சார் கார் வரும், இங்கே நிற்கிறவனைப் பார்ப்பார், ஷிப்ட் நேரத்தில் வெளியே என்ன வேலை என்று உள்ளே கூப்பிட்டுக் கேட்பார். அதனால்தான் யாரும் இங்கே நிற்பதில்லையாம். அவர் கண்ணில் நான் பட வேண்டும் என்று போட்ட இடத்தில், மற்ற எல்லோரும் படக் கூடாது என்று ஓடுகிறார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து, தேற்றுவதற்காக, வண்டி நின்ற தரையைக் காட்டி அவன் சொன்னான்: "அண்ணா, நாஷ்டா ரொம்ப நல்லா. ஜாகா நல்லா இல்ல."

தூது

பொங்கலுக்கு முந்தின வாரம் தயாளன் ஒரு சேதியோடு வந்தான். கேட்டில் நின்றவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். பெரியவர் வந்து கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் சொல்கிறார்களாம். வந்து கேட்க வேண்டுமாம். இதை அவன் கையால் சொல்லியிருந்தால் எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். வாயால் சொன்னான், கோவிந்தம்மா கேட்டுவிட்டாள்.

அவள் திட்டவில்லை. மீந்துபோன இட்லியை உதிர்த்து உப்புமா செய்ய எடுத்து வைத்தாள். அந்த வாரம் முழுக்க ராத்திரி எங்களுக்கு அதுதான். சேதி சொன்னவன்மேல் எரிந்து விழுந்தேன். வளைவுக்காவது வண்டியை மாற்று என்றான், அதற்கும் எரிந்து விழுந்தேன். அவர் பார்க்காத இடத்தில் நான் கடை போட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். தயாளன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்: "ண்ணா, நீ இட்லி விக்கிறியா, மூஞ்சி காட்றியா, அத மொதல்ல முடிவு பண்ணு."

சார் வந்தார்

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த வெள்ளைக் கார் என் வண்டிக்கு எதிரே நின்றது. ஆலைக் கேன்டீனில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். மேனேஜர் இறங்கி வந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் மாதக்கணக்காக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். கூண்டில் வெந்துபோன வருஷங்களை உன் காருக்குக் கதவு திறக்கவா கொடுத்தேன் என்று ஆரம்பம். முடிவு இன்னும் மோசம், எழுத முடியாது.

நாலு இட்லி தின்றார். இன்னும் ரெண்டு கேட்டார். இந்த முறை என் முகத்தை நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பெரியவரே, இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்றார். சொல்லி வைத்திருந்ததில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. கரண்டியோடு கையைத் தூக்கி ஆலையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். நேர் எதிரே கேட்தான் தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "ஓ, நம்ம கேட்ல செக்யூரிட்டியா இருந்தீங்களா?"

வளைவில்

கார் உள்ளே போனதும் அடுப்பை அணைத்தேன். நானும் கோவிந்தம்மாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வளைவுக்குப் போனோம். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மரத்தடியில் நின்று நிதானமாகத் தின்றார்கள். ஒடிசாக்காரன் லாரியைத் தேடாமல் என் எதிரிலேயே நின்றான். பொங்கலன்று உப்புமா செய்ய ஒரு இட்லியும் மிஞ்சவில்லை. இத்தனை மாதம் வீணாகப் போனதே, அந்த ஆளுக்கு என்னைத் தெரியவே இல்லையே என்று நான் அப்போதும் பொருமிக்கொண்டுதான் இருந்தேன். கோவிந்தம்மா சட்னி வாளியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அவன் உன்ன எப்பவோ மறந்துட்டான்யா, நீயும் கொஞ்சம் மறந்துட்டு தட்டோட நிக்கிற ஆளுக்கு சட்னிய ஊத்து."

கடை இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் அந்த வெள்ளைக் கார் வளைவில் திரும்புகிறபோது, அவருக்குத் தெரியப்போவதில்லை என்றாலும், நான் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இட்லி எடுக்கிறேன்.