அந்தச் சனிக்கிழமை நான் கீழே இறங்கவில்லை

ஜேர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்து முடிந்ததற்கு அடுத்த வருடம் அது. டோர்ட்மண்ட் நகரின் ஓரத்தில், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டி, பிறகு வருமானம் குறைந்தவர்களுக்குச் சகாய வாடகைக்கு விட்ட தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஐந்தாம் மாடியில் நான் தனியாக இருந்தேன்.

நான் மன்னார்க்காரன். அகதியாக வந்து, ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலை ஒன்றில் வேலை எடுத்து, அங்கேயே தலை நரைத்தவன். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கல்யாணம் கட்டி லண்டனுக்குப் போய்விட்டாள். அவள் மட்டுமா போனாள்? எங்கள் கட்டிடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே, ஜேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று ஒவ்வொன்றாக லண்டனுக்குப் புறப்பட்டன. கடைசியாகப் போனது தரைத்தளத்தில் இருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தால் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. போகும்போது அந்த வீட்டுக்காரி, "அண்ணை, பிளேனிலை ஒரு மணித்தியாலம்தானே, அடிக்கடி வாங்கோ" என்றாள். "ஓம், வாறன்" என்றேன். போகவில்லை. போய் அவர்களுடைய புது வீட்டில் விருந்தாளியாக உட்கார மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது. அது மட்டுமல்ல, கட்டிடத்தில் பாதி வீடுகள் வெறுமையாக இருந்தன. ஒரு லிப்ட் ஓடும், ஒன்று ஓடாது. வாசல் மின்குமிழ் போனால் மாற்ற ஆள் வராது. வேலை, பஸ், சாவி, லிப்ட், கட்டில். வேலைத்தலத்தில் இயந்திரச் சத்தத்தில் பேச்சுக்கு இடமில்லை. சில நாட்களில், தொலைக்காட்சிக்குப் பதில் சொல்லும்போதுதான் என் குரலையே நான் கேட்பேன்.

பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, தரைத்தளத்தில் அந்தக் குடும்பம் இருந்த வீட்டின் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டார்களா? லண்டன் சரிவரவில்லையா? பையைக்கூட வைக்காமல் ஓடிப்போய் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு ஜேர்மன் பெண். இளவயது. கொண்டையில் பென்சில் ஒன்றைச் செருகியிருந்தாள். பின்னால் தரை முழுக்கக் கடதாசிச் சுருள்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பத்தான் பார்த்தேன். அவள் விடவில்லை. "இந்தக் கட்டிடத்திலையே இருக்கிறீங்கள்? உள்ளை வாங்கோ, கோப்பி குடிப்பம்" என்று ஜேர்மனில் சொல்லிக்கொண்டே கோப்பி போடக் குசினிப் பக்கம் போய், இருட்டில் சுவரைத் தடவினாள். நான் யோசிக்காமலே கையை நீட்டிக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டேன்.

"இந்த வீடு உங்களுக்குத் தெரியுமோ?" என்று திரும்பிக் கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் கட்டிடக் கலைஞர். எங்கள் கட்டிடத்தை இடித்துவிட, அதன் உரிமையாளரான வீட்டு நிறுவனம் யோசித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருந்தார்கள். குடியிருப்பவர்களே கட்டிடக் கலைஞர்களோடு சேர்ந்து, இடிக்காமல் இதை எப்படிப் புதுப்பிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டுக் காட்டவேண்டும். அதற்காகத்தான் அந்த வெறும் வீட்டில் அவளும் அவளுடைய நண்பர்களும் முகாம் போட்டிருந்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியே எனக்கு அப்போதுதான் தெரியும். வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்களாம். அந்த வாசலில் வெளிச்சம் ஏது, வாசிக்க?

முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்திருந்தால் அதிகம். துருக்கிக் குடும்பம் ஒன்று, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் சிலர், இன்னும் ஓரிருவர். என்ன வேண்டும் என்று கேட்பார்கள், லிப்ட் என்று சொல்லிவிட்டுப் போவோம் என்றுதான் எல்லாரும் வந்தோம். அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. "சனிக்கிழமையிலை நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள்.

என் முறை வந்தது. "நித்திரை கொள்ளுவன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தது மூலையில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும்தான். அறுபது வயது இருக்கும். அவளுடைய முறை வந்தபோது, என்னைப் போலவே உடைந்த ஜேர்மனில், "நானும் அப்பிடித்தான்" என்றாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஜேர்மன் வம்சாவளி. கசகஸ்தானில் பிறந்து வளர்ந்து, கணவனோடு இங்கே வந்து, அவரையும் இங்கேயே அடக்கம் செய்தவள். எனக்கு நேர் மேல்வீடு. வருடக்கணக்காக அவளுடைய செருப்புச் சத்தம் என் தலைக்கு மேலே நடந்திருக்கிறது. எத்தனை மணிக்கு எழும்புவாள், எப்போது குளிப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசினோம். சண்டையும் பிடித்தோம். வெறும் வீடுகளின் நல்ல கதவுகளையும் தரைப் பலகைகளையும் கழற்றி மறுபடி பயன்படுத்துவது, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்ப்பது, கார் நிறுத்தும் இடத்துத் தாரை உடைத்துத் தோட்டம் போடுவது, சுவர்களுக்குக் குளிர் தாங்கும் உறை போடுவது, இதிலெல்லாம் பெரிய தகராறு இல்லை. தகராறு வந்தது பொது அறை விஷயத்தில்தான். வாசலோடு ஒட்டியிருந்த சுவரை உடைத்து, கண்ணாடி போட்டு, அந்தத் தரைத்தள வீட்டையே எல்லாருக்கும் பொதுவான குசினியும் கூடியிருக்கும் இடமும் ஆக்குவோம் என்றார்கள். கட்டிடத்துக்குள் யார் வந்தாலும் போனாலும் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

நான் வேண்டாம் என்றேன். பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்து வையுங்கள், அமைதியாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணத்தை எப்படிச் சொல்வது? அந்தச் சுவரில்தான் அவர்களுடைய மாதா படம் மாட்டியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் எத்தனையோ ஞாயிறு சாப்பிட்டிருக்கிறேன். மேல்வீட்டுப் பெண் எனக்கு எதிராகக் கை தூக்கினாள். "பின்பக்கம் வைச்சால் நானும் வரமாட்டன், இவரும் வரமாட்டார்" என்றாள். எல்லாரும் அவள் பக்கம் சேர்ந்தார்கள். நான் தோற்றுப்போனேன். வீட்டுக்கு வந்து மேலே கேட்ட செருப்புச் சத்தத்தின் மீது கோபப்பட்டேன்.

திட்டத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கட்டிடம் தப்பியது. பெரிய வேலைகளைத் தொழிலாளர்கள் செய்ய, மேசை, உட்காரும் வாங்கு, பூச்செடிப் பெட்டி போன்றவற்றை நாங்களே சனிக்கிழமைகளில் செய்வதென்று முடிவானது. சுவர் உடைத்த அன்று நான் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். சுவர் இருந்த இடத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மாதா படத்தின் ஆணி இருந்த இடத்தை என் கண் தேடியது. அங்கே காற்றுத்தான் இருந்தது. மேல்வீட்டுப் பெண் மணல் கடதாசி ஒன்றை என் கையில் தந்தாள். நாள் முழுக்க இரண்டு பேரும், கழற்றி எடுத்த கதவு ஒன்றைத் தேய்த்தோம். அதைப் படுக்கப் போட்டு மேசையாக்குவது திட்டம். இரண்டு பேருக்கும் ஜேர்மன் மட்டு மட்டு. ஆகவே பேச்சு குறைவு. ஆனால் அன்றைக்கு இரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

அப்படியே கோடை வந்தது. ட்ரில் மெஷினை என் வீட்டில் வைத்திருக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். வேலையால் வரும்போது கண்ணாடிக்கு உள்ளே இருந்து யாராவது கை காட்டுவார்கள். நானும் காட்டிவிட்டு மேலே போவேன். அவ்வளவுதான் உறவு. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

தொழிற்சாலையில் எனக்கு விடுமுறை வாரம். கடைக்குப் போக மட்டும் தினமும் ஒருமுறை கீழே இறங்குவேன். வியாழக்கிழமை வயிறு வலிக்கத் தொடங்கியது. வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தேன். வெள்ளி காய்ச்சல் வந்தது. வலி கீழே இறங்கி வலப்பக்கத்தில் பிடித்துக்கொண்டது. டொக்டரிடம் போக உடுப்பு மாற்றவே முடியவில்லை. விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை தண்ணீர் குடிக்க எழும்பியவன், வழியில் தரையில் விழுந்துவிட்டேன். தொலைபேசி முன்னறையில். அங்கே தவழ்ந்துகூடப் போக ஏலாது. மகள் ஞாயிறு பின்னேரம்தான் அழைப்பு எடுப்பாள். வேலைத்தலத்தில் யாரும் தேடமாட்டார்கள். அந்தத் தரையில் கிடந்து நான் கணக்குப் பார்த்ததெல்லாம், என்னைக் காணவில்லை என்று யாருக்கு, எப்போது தெரியவரும் என்பதைத்தான். அப்படியொரு தனிமையை நான் ஊரைவிட்டுப் படகில் கடல் கடந்தபோதும் அனுபவிக்கவில்லை.

மணி அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது. ட்ரில் மெஷினுக்கு வந்திருக்கிறார்கள், வேலை நிற்கிறது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. குரல் கொடுக்கப் பார்த்தேன். சத்தம் வெளியே வரவில்லை.

வெளியே நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். "மகளிட்டைப் போயிருப்பார், விடுங்கோ" என்று ஒருவர் சொன்னாராம். மேல்வீட்டுப் பெண் அசையவில்லையாம். நான் ஊர்ப்பழக்கத்தில் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றி வைப்பவன். எங்கள் கட்டிடத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அதைக் காட்டி, "ரெண்டு சோடியும் இஞ்சை இருக்கு. வெறுங்காலோடையே லண்டனுக்குப் போனவர்?" என்று கேட்டாளாம். பிழையாக இருந்தால் உடைக்கிற கதவுக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் தயங்க, "நான் பொறுப்பு" என்று சொல்லித் தீயணைப்புப் படைக்கு அவளே அழைப்பு எடுத்தாளாம்.

கதவு திறந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது, கோடையிலும் அவள் கழற்றாத அந்தக் கம்பளித் தொப்பி. அவள் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் தமிழில் பதில் சொன்னேன்.

குடல்வால் வெடித்திருந்தது. உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள். ஞாயிறு வரை விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார்.

மகள் லண்டனில் இருந்து பறந்து வந்து அழுதாள். "இனி இஞ்சை தனிய இருக்கவேண்டாம் அப்பா. என்னோடை வந்திடுங்கோ."

"இப்ப ஏலாது பிள்ளை" என்றேன். "மேசை இன்னும் முடியேல்லை." ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

மேல்வீட்டுப் பெண் போத்தல் ஒன்றில் பீட்ரூட் சூப் கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ட்ரில் மெஷினுக்காக எல்லாரையும் காத்திருக்க வைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மெஷினோ? அது வேறை ஒண்டு எடுத்திட்டம். வெள்ளிக்கிழமை நீங்கள் கண்ணாடியைத் தாண்டிப் போகேல்லை. சனிக்கிழமையும் வரேல்லை. அதுதான் வந்தனான்."

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சூப் ஆறும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மேசை முடிந்தது. அதில் எத்தனையோ முறை நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து, பெரிதாகப் பேசாமல் கோப்பி குடித்திருக்கிறோம். இரண்டு வருடம் கழித்து அவளுடைய மகன் வந்து, தென்ஜேர்மனியில் இருந்த தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனான். கார் புறப்படும் முன், "உங்கடை சப்பாத்தை வெளியிலையே வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு என் தலைக்கு மேலே சத்தமே இல்லை. கொஞ்சக் காலத்தில் ஒரு இளம் குடும்பம் அங்கே குடிவந்தது. அவர்களுடைய காலடி வேறு மாதிரி. பழக எனக்கு நாள் எடுத்தது.

அந்தப் பொது அறையோடு என் தனிமை தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் சமைப்பது ஒருவருக்குத்தான். பண்டிகை நாட்களில் வீடு விழுங்க வருகிறமாதிரி இருக்கும். ஆனால் வழக்கமாக வரும் யாரையாவது இரண்டு நாள் காணாவிட்டால், நான் மாடியேறிப் போய் மணியை அடிக்கிறேன். சிலர் எரிச்சலோடு கதவைத் திறப்பார்கள். "ஒண்டுமில்லை, பாத்திட்டுப் போக வந்தனான்" என்று சொல்லிவிட்டு இறங்குவேன். ஒரு கட்டிடத்தைப் புதுப்பித்தார்கள் என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம், நான் வராததைக் கவனித்து, எனக்காக ஒரு கதவை உடைக்கத் துணிந்த மனிதர் ஒருவர் அதே கூரையின் கீழ் இருந்தார் என்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.