விரிப்பின் மறுமுனை

பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குவது சலித்துப்போய், குற்றாலத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். மேலகரத்தில் சாரல் வலுத்ததால், லாட்ஜ் விரிப்புகளைத் துவைக்கும் கொட்டகைக்குள் ஒதுங்கினேன்.

துவைப்பவர் ஒல்லியான ஆள். மீசையில் சோப்பு நுரை. உதவிக்கு ஆளில்லாததால், விரிப்பின் ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையை முறுக்கிப் பிழிவார். பிழிந்ததும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார்.

பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த ஒருவர், எட்டு வயது மகளை ஈர விரிப்போடு இழுத்துவந்தார். "ராத்திரி என்ன செஞ்சேன்னு நீயே சொல்லு!"

துவைப்பவர் பிழிவதை நிறுத்தினார்.

"ஏன் சார் வையுதீய? உறங்குத பிள்ளைக்கு என்ன தெரியும்? வஞ்சா, பயந்து இன்னும் கூடும். படுக்கைக்கு முன்ன ஒருக்கா போயிட்டு வரச் சொல்லுங்க. நனையாத அன்னைக்கு காலண்டர்ல ஒரு பூ வரையட்டும்" என்றவர் அவளிடம் திரும்பினார். "ஏட்டி, அந்த முனையப் பிடி."

இருவரும் முறுக்கினார்கள். தண்ணீர் அப்பாவின் வேட்டியில் கொட்டியது.

"ஏட்டி, அப்பாவும் நனைச்சிட்டாரு. வஞ்சிராத!"

பிள்ளை சிரித்தது. கொஞ்சம் பொறுத்து அப்பாவும் சிரித்தார்.

அவர்கள் போனதும் சொன்னேன். "இதுக்கு என்னைய ஹாஸ்டல்ல, நனைஞ்ச பாயத் தலையில வச்சு நிக்க வச்சாவ. அஞ்சாம் வகுப்போட ஓடிட்டேன்."

அவர் எதுவும் விசாரிக்கவில்லை. "காலைல வாரும்வே" என்றார்.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை, தூண் பார்த்த வேலையில் சேர்ந்தேன். முதல் விரிப்பைப் பிழிந்ததும் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான் இருந்தது.