மஞ்சளில் விழுந்த பல்லாவரம்

அக்காவைப் பெண் பார்க்க ஏழாவது தடவையாக ஆட்கள் வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை. அம்மா கேசரியைக் கடனே என்று கிளறினாள். அக்கா அதே பச்சைப் பட்டுப் புடவையை எடுத்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நூல் விடத் தொடங்கியிருந்தது. இன்னும் ஆகவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் அவள் வாசலுக்கு வருவதையே விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. நைனா மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அவர், மெட்ராஸில் சம்பந்தம் பேசுவதாகப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பூகோளத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கொரு நினைப்பு. அந்த வாரம்தான் வாத்தியார் தலைநகரைப் பற்றிப் பாடம் நடத்தி, செஞ்சியிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் படம் போடச் சொல்லியிருந்தார். நம் கோட்டையில் ராஜா இருந்து ஆண்ட காலத்தில் மெட்ராஸ் வெறும் மணலும் மீன்பிடிக் குப்பங்களும்தான் என்று அவர் சொன்னதில் எங்களுக்கெல்லாம் பெருமை. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் செங்கல்பட்டு ஜில்லா. மெட்ராஸுக்குச் சிவப்பும் செங்கல்பட்டுக்கு மஞ்சளும் அடித்து, ரயில் பாதையில் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பெயர் எழுதினேன். சிவப்பு என் கட்டைவிரல் நகம் அளவுக்குக்கூட வரவில்லை. அவ்வளவு ஜனங்களும் அதற்குள் எப்படி இருக்கிறார்கள் என்று கவலையாகக்கூட இருந்தது.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். மாப்பிள்ளைக்குப் பாரிமுனையில் ஓர் அச்சாபீஸில் வேலை. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அம்மா கேட்பதற்கு முன்பே அக்காவும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தட்டு மாற்றிக்கொள்ள வெற்றிலை பாக்கும் எடுத்து வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நைனாவுக்கு என்னை வைத்துப் பெருமையடிக்கத் தோன்றியது. அக்கா வாழப்போகிற இடத்தைப் படத்தில் காட்டு என்று கூப்பிட்டார். வீடு எந்தப் பக்கம் என்றதற்கு மாப்பிள்ளையின் அப்பா பல்லாவரம் என்றார். மெட்ராஸில் அது ஒரு தெரு என்று நைனா எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நோட்டை விரித்து விரலை வைத்தேன். மஞ்சளில் விழுந்தது. கதவோரம் நின்ற அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். படத்தில் ஏதோ தப்பு என்கிறாளோ என்று இன்னொரு தடவை சரிபார்த்தேன். தப்பு இல்லை. அப்போது யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

"நைனா, இது மெட்ராஸே இல்ல. செங்கல்பட்டு ஜில்லா."

மாப்பிள்ளையின் அப்பா பதறவில்லை. எலக்ட்ரிக் ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஜில்லா பேரெல்லாம் காகிதத்தோடு சரி, பேச்சில் எல்லோரும் மெட்ராஸ் என்றுதான் சொல்வோம், ஊரும் வளர்ந்துகொண்டே வருகிறது என்று நிதானமாக விளக்கினார். சமாதானம் செய்வதாக நினைத்து, அவர்களைக் கூட்டிவந்த தரகர் குறுக்கே புகுந்தார்.

"இப்ப இன்னா? செஞ்சிக்கு சிங்கவரம் எப்டியோ, மெட்ராசுக்கு பல்லாவரம் அப்டி. அவ்ளோதான்."

அதோடு முடிந்தது. வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் பக்கத்துக் கிராமம் சிங்கவரம் நைனாவின் கண்முன் வந்துவிட்டது. கடைத்தெரு முழுக்க மெட்ராஸ் என்று சொல்லிவைத்த மனிதர், இனி எந்த முகத்தோடு போய்க் கடையில் உட்காருவார்? அங்கேயும் மலையும் கல்லுடைப்பும்தானாம் என்று உள்ளே வந்து அம்மாவிடம் முணுமுணுத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்களை மூன்று மணி பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். சரிதான் என்றாள். குரலில் கோபமே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கடைசி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இங்கேர்ந்து அது எவ்ளோ தூரம்டி இருக்குது?"

வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி நூலை வைத்து அளந்து பார்த்து, எண்பது மைலுக்கு மேல் வருகிறது என்றேன்.

"போதுமே," என்றாள். "எனக்கு அது போதுமே."

அவ்வளவு தூரம் போகாமல் தப்பித்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அக்காவைக் காப்பாற்றியது நான்தான் என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவும் சொன்னேன்.